பூட்டை இழுத்துப் பார்த்தாச்சா?

திண்டுக்கல்லுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் இரண்டே கேள்விதான் கேட்பார்கள். நல்ல பூட்டு எங்கே கிடைக்கும்? நல்ல பிரியாணி எங்கே கிடைக்கும்? இந்த வாரம் அந்தப் பூட்டையும் பிரியாணிச் சட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு கூடங்குளம் வரை போய்வரப் போகிறோம்.

'அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?' என்கிறீர்களா? இருக்கிறது. கூடங்குளத்தில் இப்போது ஓடுகிற இரண்டு உலைகளும் சேர்ந்து 2,000 மெகாவாட் மின்சாரம் தயாரிக்கக்கூடியவை. அதில் ஏறத்தாழ பாதி தமிழ்நாட்டுக்கு. கம்பியில் வருகிற மின்சாரத்தில் இது அணு, இது காற்றாலை, இது நிலக்கரி என்று பெயர் எழுதியிருப்பதில்லை. எல்லாம் கலந்துதான் வருகிறது. ஆகவே, நாகல் நகர் வீட்டில் சுற்றுகிற மின்விசிறியிலும், வேடசந்தூர் ஸ்பின்னிங் மில்லில் ஓடுகிற இயந்திரத்திலும் கூடங்குளத்தின் பங்கு கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது.

ஆனால், அந்த உலைக்குள் என்னதான் நடக்கிறது என்று வீட்டில் ஏழாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை கேட்டால், நம்மில் எத்தனை பேர் பதில் சொல்வோம்? 'அது பெரிய ஆபத்துடா' என்று ஒருவர் சொல்வார். 'அதெல்லாம் ஒன்றும் ஆகாது, விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்வார்கள்' என்று இன்னொருவர் சொல்வார். பிள்ளைக்கு இரண்டிலும் பதில் கிடைக்காது. கொஞ்சம் பொறுமையாகப் பார்த்தால், நம் சமையலறையை வைத்தே இதைப் புரிந்துகொள்ளலாம். புரிந்தால்தான் சரியான கேள்வியைச் சரியான இடத்தில் கேட்க முடியும்.

கொடைக்கானலில் வேகாத அரிசி

நம் மாவட்டத்திலேயே ஒரு வேடிக்கை உண்டு. திண்டுக்கல் டவுனில் தண்ணீர் ஏறத்தாழ 99 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். அதே தண்ணீரைக் கொடைக்கானலுக்குக் கொண்டுபோய் அடுப்பில் வைத்தால் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். தளதளவென்று கொதிக்கும், ஆனால் சூடு போதாது. அரிசி வேக நேரமாகும். மலைமேல் காற்றின் அழுத்தம் குறைவு என்பதுதான் காரணம். அழுத்தம் குறைந்தால் தண்ணீர் சீக்கிரம் கொதிக்கும். அழுத்தம் கூடினால் கொதிக்கத் தாமதமாகும்.

இந்த இரண்டாவது விஷயத்தை வைத்துத்தான் பிரஷர் குக்கர் செய்தார்கள். மூடியை இறுக்கி வெயிட் போட்டதும், உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைப்போல் இரண்டு மடங்காகிறது. தண்ணீர் 120 டிகிரி வரை சூடேறுகிறது. பருப்பு பத்து நிமிடத்தில் மசிகிறது.

கூடங்குளத்தில் இருப்பதும் அடிப்படையில் ஒரு குக்கர்தான். 'அழுத்த நீர் உலை' என்பது அதன் வகைப் பெயர். ரஷ்யர்கள் வடிவமைத்த இந்த மாடலுக்கு விவிஇஆர்-1000 என்று பெயர். உலகத்தில் இன்று மின்சாரம் தயாரிக்கிற அணு உலைகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இந்த அழுத்த நீர் வகையைச் சேர்ந்தவைதான். கல்பாக்கத்தில் இருப்பது கனநீரில் இயங்குகிற வேறு வகை.

வீட்டுக் குக்கரில் இரண்டு மடங்கு அழுத்தம் என்றால், இந்தக் குக்கரில் சுமார் 155 மடங்கு. இதன் சுவர் கிட்டத்தட்ட 20 சென்டிமீட்டர் தடிமனுள்ள எஃகு. உள்ளே தண்ணீர் 291 டிகிரியில் நுழைந்து 321 டிகிரியில் வெளியே வருகிறது. அப்போதும் அது கொதிப்பதில்லை! அவ்வளவு அழுத்தத்தில் அது கொதிக்க வேண்டுமென்றால் 345 டிகிரியை எட்ட வேண்டும். இந்தத் தண்ணீரைக் கொதிக்கவிடாமல் தண்ணீராகவே வைத்திருப்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி.

மூன்று தண்ணீர், மூன்று பாதை

இந்தக் குக்கருக்கு அடுப்பு வெளியே இல்லை, உள்ளேயே இருக்கிறது. யுரேனியம் ஆக்சைடைச் சிறு மாத்திரை அளவில் சுட்டு எடுக்கிறார்கள். அந்த வில்லைகளை மெல்லிய நீண்ட உலோகக் குழாய்களில் அடுக்கி அடைக்கிறார்கள். அப்படி 300க்கும் மேற்பட்ட குழாய்களைச் சேர்த்துக் கட்டினால் ஒரு கட்டு. ஓர் உலையில் அப்படி 163 கட்டுகள். மொத்தத்தில் சுமார் 50,000 எரிபொருள் தண்டுகள் தண்ணீருக்குள் நிற்கின்றன.

யுரேனிய அணு ஒன்றில் நியூட்ரான் மோதினால் அணு பிளக்கிறது, வெப்பம் வருகிறது, கூடவே இரண்டு மூன்று நியூட்ரான்களும் தெறிக்கின்றன. அவை அடுத்த அணுக்களைப் பிளக்கின்றன. இப்படித்தான் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கிறது. தெறித்து ஓடுகிற நியூட்ரானின் வேகத்தைக் குறைத்தால்தான் அது அடுத்த அணுவைச் சரியாகப் பிளக்கும். அந்த வேகத்தைக் குறைப்பதும் இதே தண்ணீர்தான். ஆக, இங்கே தண்ணீருக்கு இரண்டு வேலை: அடுப்பை எரியவைக்க வேண்டும், அடுப்பின் சூட்டை எடுத்துப் போகவும் வேண்டும். தண்ணீர் வற்றினால் அணுப்பிளவும் தானாகவே அடங்கிவிடும். 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்த செர்னோபில் உலை வேறு ஜாதி. அங்கே நியூட்ரானின் வேகத்தைக் குறைத்தது கிராஃபைட். தண்ணீர் ஆவியாக ஆக அங்கே தீ அதிகமானது.

'அப்படியானால் இது அணுகுண்டு மாதிரி வெடிக்குமா?' என்று பிள்ளை அடுத்து கேட்கும். வெடிக்காது. குண்டுக்குத் தேவையான யுரேனியத்தை மிக உயர்ந்த அளவுக்குச் செறிவூட்ட வேண்டும். இந்த உலையின் எரிபொருளில் பிளக்கக்கூடிய யுரேனியம் 100க்கு 4 அல்லது 5 பங்குதான். பயப்பட வேண்டிய விஷயம் வேறொன்று இருக்கிறது. அதற்குப் பிறகு வருவோம்.

முதலில் மின்சாரம் எப்படி வருகிறது என்று பார்த்துவிடலாம். உலைக்குள் சூடான தண்ணீர் கதிரியக்கம் கலந்தது. அதை அப்படியே டர்பைனுக்கு அனுப்புவதில்லை. அது நான்கு பெரிய நீராவிக் கலன்களுக்குப் போகிறது. ஒவ்வொன்றிலும் சுமார் 11,000 மெல்லிய குழாய்கள். சூடான தண்ணீர் குழாய்க்குள்ளே ஓடுகிறது. குழாய்க்கு வெளியே வேறு தண்ணீர் நிற்கிறது. சூடு மட்டும் கைமாறும், தண்ணீர் கலக்காது. வெளித் தண்ணீர் நீராவியாகி டர்பைனைச் சுழற்றுகிறது. வேலை முடிந்த நீராவியைக் குளிரவைத்து மறுபடி தண்ணீராக்குவது மூன்றாவது தண்ணீர். அது கடல் தண்ணீர்.

உலை தருகிற வெப்பம் 3,000 மெகாவாட். அதில் மின்சாரமாவது 1,000 மெகாவாட். மீதி 2,000 மெகாவாட் சூடு கடலுக்குப் போகிறது. திரும்பிப் போகிற கடல்நீரின் சூடு 7 டிகிரிக்கு மேல் கூடக் கூடாது என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்தக் கடலில் வலை வீசுகிறவர்கள் இந்த ஏழு டிகிரியைப் பற்றிக் கேட்பது வீண் கேள்வி அல்ல. அது அவர்கள் பிழைப்பு.

தம் போட்ட பிரியாணி

இப்போது பிரியாணிக்கு வருவோம். நம் ஊர்ச் சீரகச் சம்பா பிரியாணி எப்போது பக்குவமாகிறது? அடுப்பை அணைத்த பிறகு! தீயைக் குறைத்து, மூடியை இறுக்கி, மேலே தணலைப் போட்டுத் 'தம்' விடுகிறோம். தீ போன பிறகும் சட்டிக்குள் சூடு அடங்கவில்லை. உள்ளே வேலை நடந்துகொண்டேதான் இருக்கிறது.

அணு உலையில் பயப்பட வேண்டிய விஷயம் இதுதான். கட்டுப்பாட்டுத் தண்டுகளை இறக்கினால் சில நொடிகளில் அணுப்பிளவு நின்றுவிடும். ஆனால், ஏற்கெனவே பிளந்த துண்டுகள் கதிரியக்கத்தால் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். 3,000 மெகாவாட் உலையை நிறுத்திய உடனே சுமார் 200 மெகாவாட் சூடு மிச்சமிருக்கும். ஒருநாள் கழித்துப் பார்த்தாலும் ஏறத்தாழ 15 மெகாவாட். வீட்டில் வாளியில் போடுகிற ஒரு கிலோவாட் ஹீட்டர் 15,000 சேர்ந்து எரிகிற சூடு அது. அதை அணைக்க ஸ்விட்ச் கிடையாது. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் மட்டும்தான் அடங்கும்.

2011 மார்ச் 11 அன்று ஜப்பானில் ஃபுகுஷிமாவில் நடந்தது இதுதான். நிலநடுக்கம் வந்ததும் உலைகள் சரியாகவே நின்றுவிட்டன. வெளியிலிருந்து வரும் மின்சாரம் போனது. டீசல் ஜெனரேட்டர்கள் ஓடத் தொடங்கின. அதுவரை எல்லாம் திட்டப்படி. சுமார் 50 நிமிடம் கழித்துச் சுனாமி வந்தது. தரைக்கடியில் இருந்த ஜெனரேட்டர்கள் மூழ்கின. பம்புகள் நின்றன. தம் சூடு அடங்க வழியில்லாமல் மூன்று உலைகளில் எரிபொருள் உருகியது. அதில் உண்டான ஹைட்ரஜன் வெடித்துக் கட்டடங்கள் சிதறின. அங்கிருந்தவை வேறு வகை, தண்ணீர் உள்ளேயே கொதிக்கிற உலைகள். ஆனால், தம் சூடு எந்த வகை உலைக்கும் பொதுவானது.

ஐந்து பூட்டு

இனி பூட்டு. திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரைக்குடி கண்டாங்கிச் சேலைக்கும் அதே சமயத்தில்தான் கிடைத்தது. கையால் செய்கிற நம் பூட்டின் சூட்சுமம் உள்ளே இருக்கிற லீவர்கள். ஒரு லீவரை ஏமாற்றினாலும் அடுத்தது நிற்கும். எல்லாவற்றையும் சரியான உயரத்துக்குத் தூக்குகிற சாவிக்குத்தான் பூட்டு திறக்கும். ஒன்று தவறினால் இன்னொன்று காக்கும் என்பதுதான் அதன் தத்துவம்.

நவீன அழுத்த நீர் உலையின் பாதுகாப்பும் அதே தத்துவம்தான். கதிரியக்கம் வெளியே வரவேண்டுமென்றால் ஐந்து பூட்டுகளைத் தாண்ட வேண்டும்.

முதல் பூட்டு, எரிபொருள் வில்லையேதான். பீங்கான்போலச் சுட்டது, 2,800 டிகிரி வரை உருகாது. இரண்டாவது, வில்லைகளை அடைத்த சிர்கோனியம் உலோகக் குழாய். மூன்றாவது, அந்த 20 சென்டிமீட்டர் எஃகுக் கலனும் அதோடு சேர்ந்த குழாய்களும். நான்காவது, எல்லாவற்றையும் மூடி நிற்கிற கான்கிரீட் கட்டடம். ஒரு மீட்டருக்கும் மேல் தடிமன். உள்பக்கம் எஃகுத் தகடு பதித்தது. ஐந்தாவது, அதையும் மூடுகிற இன்னொரு கான்கிரீட் கூடு. இரண்டு கூடுகளுக்கும் நடுவிலுள்ள இடத்தில் காற்றழுத்தத்தை வெளியைவிடக் குறைவாக வைக்கிறார்கள். கசிவு இருந்தாலும் காற்று உள்நோக்கித்தான் இழுக்கப்படும். வடிகட்டிய பிறகே வெளியே போகும்.

பூட்டுகள் சரி, தம் சூட்டுக்கு என்ன வழி? பழைய உலைகளுக்கும் புதியவற்றுக்கும் பெரிய வித்தியாசம் இங்கேதான். கூடங்குளத்தில் கரண்ட் போனாலும், ஜெனரேட்டர் ஓடாவிட்டாலும் தானாக வேலைசெய்கிற ஏற்பாடுகள் சில இருக்கின்றன.

கட்டுப்பாட்டுத் தண்டுகள் நூற்றுக்கும் மேல். அவற்றை மேலே பிடித்து வைத்திருப்பது மின்காந்தம். கரண்ட் போனால் பிடி விடும். தண்டுகள் தம் எடையாலேயே கீழே விழுந்து அணுப்பிளவை நிறுத்தும். நீராவிக் கலனிலிருந்து வருகிற நீராவி, கட்டடத்தின் உயரத்தில் வைத்த குழாய்களுக்கு ஏறும். வெளிக்காற்று புகைபோக்கியில் ஏறுவதுபோலத் தானாக மேலே ஏறி அவற்றைக் குளிரவைக்கும். குளிர்ந்த நீராவி தண்ணீராகி மறுபடி கீழே வரும். பம்பு வேண்டாம், மோட்டார் வேண்டாம். ஃபுகுஷிமாவில் வெடித்த ஹைட்ரஜனைச் சேரவிடாமல் ஆக்சிஜனோடு கலந்து தண்ணீராக மாற்றுகிற கருவிகளும் உண்டு.

இத்தனையும் தோற்று, எரிபொருள் உருகி, கலனையும் துளைத்துவிட்டால்? அதற்கும் கலனுக்கு அடியில் ஒரு பெரிய பாத்திரம் வைத்திருக்கிறார்கள். உருகிய குழம்பு அதில் விழுந்து, அங்கே நிரப்பியிருக்கிற பொருள்களோடு கலந்து, பரவி, குளிர வேண்டும். பாதுகாப்புக்கு முக்கியமான கட்டடங்களைக் கடல் மட்டத்திலிருந்து 7.5 மீட்டருக்கு மேல் கட்டியிருக்கிறார்கள்.

காகிதத்தில் பார்த்தால் நல்ல வடிவமைப்பு. உலகத்தின் பல பழைய உலைகளில் இந்தப் பாத்திரமும் இல்லை, காற்றில் குளிர்கிற ஏற்பாடும் இல்லை. இதை மனதாரச் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போக வேண்டும்.

விளக்கு சொன்ன பொய்

குடும்பத்தோடு பழனிக்குக் கிளம்புகிற நாளை நினைத்துப் பாருங்கள். அப்பா கதவைச் சாத்திப் பூட்டுகிறார். சாவியை எடுக்கிறார். உடனே கிளம்பிவிடுவாரா? பூட்டைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். தெருமுனை வரை போன பிறகு அம்மாவுக்குச் சந்தேகம் வரும். "ஏங்க, பூட்டை இழுத்துப் பார்த்தீங்களா?" அவர் முணுமுணுத்துக்கொண்டே திரும்பி வந்து இன்னொரு முறை இழுப்பார். சாவி திரும்பியது என்பது வேறு, பூட்டு விழுந்தது என்பது வேறு என்று நம் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும்.

1979 மார்ச் 28 அன்று, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலேண்ட் என்ற இடத்தில் இந்த வித்தியாசம் ஓர் உலையையே காவு வாங்கியது. அதுவும் அழுத்த நீர் உலைதான். விடிகாலை 4 மணிக்குச் சின்னக் கோளாறு. உள்ளே அழுத்தம் கூடியது. குக்கரில் சேஃப்டி வால்வு திறப்பதுபோல ஒரு வால்வு திறந்தது. அழுத்தம் குறைந்ததும் அது மூடியிருக்க வேண்டும். மூடவில்லை, சிக்கிக்கொண்டது.

கட்டுப்பாட்டு அறையில் இருந்த விளக்கு என்ன சொன்னது? வால்வு மூடியதாகக் காட்டியது. ஏனென்றால், அந்த விளக்கு 'மூடு' என்று ஆணை போனதைத்தான் காட்டும். உண்மையில் வால்வு மூடியதா என்பதைக் காட்டாது. சாவி திரும்பியதைப் பார்த்துப் பூட்டு விழுந்தது என்று நம்பிவிட்டார்கள். தண்ணீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உள்ளே தண்ணீர் அதிகமாகிவிட்டது என்று தப்பாக எண்ணி, தானாகப் பாய்ந்த அவசரத் தண்ணீரையும் குறைத்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் யாருக்கும் விஷயம் புரியவில்லை. எரிபொருளில் ஏறத்தாழ பாதி உருகிவிட்டது.

நல்லவேளையாக வெளிக் கான்கிரீட் கட்டடம் தாங்கியது. வெளியேறிய கதிரியக்கம் குறைவுதான். 'பார்த்தீர்களா, கடைசிப் பூட்டு காப்பாற்றியது' என்று ஒருவர் சொல்லலாம். 'பார்த்தீர்களா, முதல் பூட்டுகள் எல்லாம் ஒரே நாளில் போயின' என்று இன்னொருவர் சொல்லலாம். இரண்டுமே உண்மை. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிற பாடம் ஒன்றுதான். எத்தனை பூட்டு போட்டிருக்கிறோம் என்று எண்ணினால் மட்டும் போதாது. ஒவ்வொன்றையும் யாராவது இழுத்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இழுத்துப் பார்ப்பவர், பூட்டு விழவில்லை என்றால் அதை உரக்கச் சொல்லக்கூடியவராகவும் இருக்க வேண்டும்.

யார் இழுத்துப் பார்ப்பது?

கூடங்குளத்துக்கான ஒப்பந்தம் 1988 நவம்பரில் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டது. மூன்று ஆண்டுகளில் சோவியத் ஒன்றியமே இல்லாமல் போனது. 2002இல்தான் கட்டுமானம் தொடங்கியது. முதல் உலையில் அணுப்பிளவு தொடங்கியது 2013 ஜூலை 13 அன்று. அந்த ஆண்டு அக்டோபர் 22 அன்று மின்சாரம் கம்பியில் ஏறியது. இரண்டாவது உலை 2016இல். இப்போது 3 முதல் 6 வரை இன்னும் நான்கு உலைகள் கட்டப்படுகின்றன.

இந்த நீண்ட கதையின் நடுவில்தான் ஃபுகுஷிமா. அதைத் தொலைக்காட்சியில் பார்த்த இடிந்தகரை மக்கள், 2011 ஆகஸ்டிலிருந்து தேவாலய வாசலில் பந்தலில் உட்கார்ந்தார்கள். மீனவப் பெண்கள்தான் அதிகம். அவர்கள் கேட்டதை ஒரே வரியில் சொன்னால், 'எங்க வீட்டு வாசலில் இவ்வளவு பெரிய பூட்டைப் போட்டிருக்கீங்களே, இழுத்துப் பார்த்தீங்களா?' என்பதுதான். ஆயிரக்கணக்கானவர்கள்மேல் வழக்கு பாய்ந்தது, தேசத் துரோக வழக்கு உட்பட.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. பூவுலகின் நண்பர்கள் அமைப்பின் ஜி.சுந்தர்ராஜன் தொடுத்த வழக்கில், 2013 மே 6 அன்று தீர்ப்பு வந்தது. உலையை இயக்கலாம் என்றது நீதிமன்றம். கூடவே 15 கட்டளைகளையும் போட்டது. போராடியவர்கள்மேல் உள்ள வழக்குகளைத் திரும்பப் பெற முயல வேண்டும் என்பதும் அதில் ஒன்று.

இதற்கு முந்தைய மாதம், 2013 ஏப்ரலில், சோதனையின்போது நான்கு வால்வுகளில் குறை இருப்பது தெரியவந்தது. பாகங்களை மாற்றிய பிறகே அடுத்த கட்டத்துக்குப் போனார்கள். சிலர் இதைக் காட்டி 'பாருங்கள், ஓட்டை' என்றார்கள். நான் இதை வேறு மாதிரி பார்க்கிறேன். இழுத்துப் பார்த்தார்கள், விழவில்லை, மாற்றினார்கள். அதுதான் நடக்க வேண்டியது.

நடக்கக் கூடாதது 2019 அக்டோபரில் நடந்தது. நிலையத்தின் கணினியில் வைரஸ் புகுந்துவிட்டது என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத்திலிருந்து மறுப்பு வந்தது. மறுநாளே இந்திய அணுமின் கழகம், ஆமாம், நிர்வாகப் பணிக்கான ஒரு கணினியில் புகுந்தது உண்மைதான், உலையை இயக்குகிற கணினிகளோடு அதற்குத் தொடர்பில்லை என்று விளக்கம் சொன்னது. விளக்கம் சரியாகவே இருக்கட்டும். முதல் நாள் மறுப்பு எதற்கு? விளக்கு ஒன்று காட்டி, வால்வு வேறொன்று செய்தால் என்ன ஆகும் என்று 1979லேயே பார்த்துவிட்டோமே!

பூட்டை இழுத்துப் பார்க்கிற பொறுப்பு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்கு உண்டு. அந்த வாரியத்துக்குப் போதிய சுதந்திரம் இல்லை என்று 2012இல் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அறிக்கையில் சுட்டிக்காட்டினார். பூட்டுச் செய்கிறவரும் பூட்டைச் சோதிக்கிறவரும் ஒரே வீட்டுக்காரர்களாக இருந்தால் ஊரார் எப்படி நம்புவார்கள்?

தோல் ஷாப் சொல்லிக்கொடுத்த பாடம்

இன்னொரு கேள்வி மிச்சமிருக்கிறது. எரிந்து முடிந்த எரிபொருள் எங்கே போகும்? வெளியே எடுத்ததும் பல ஆண்டுகள் தண்ணீர்த் தொட்டியில் ஆறவைக்க வேண்டும். அதிலுள்ள சில பொருள்களின் கதிரியக்கம் பல்லாயிரம் ஆண்டுகள் நீடிக்கும். முதல் ஒப்பந்தப்படி அது சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். பிறகு அந்த ஏற்பாடு மாறியது. எரிபொருள் இங்கேயே இருக்கும் என்றானது. உலைக்கு வெளியே தனிக் கிடங்கு ஒன்றை ஐந்து ஆண்டுக்குள் கட்ட வேண்டும் என்று 2013இல் பேச்சு. அந்தக் கெடு 2018இல் 2022 வரை நீட்டிக்கப்பட்டது.

கழிவைப் பற்றித் திண்டுக்கல் சமவெளிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. தோல் ஷாப்புகள் இந்த ஊருக்குச் சோறு போட்டன. ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வேலை தந்தன. அது உண்மை. அதே ஷாப்புகளின் கழிவுநீர் இறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாகி, தென்னையும் நெல்லும் போனது என்பதும் உண்மை. தொழில் தொடங்கும்போது லாபக் கணக்கு போட்டார்கள், கழிவை 'பிறகு பார்க்கலாம்' என்றார்கள். 'பிறகு' வந்தபோது கிணறு கெட்டுவிட்டிருந்தது. கெட்ட கிணற்றை வைத்திருக்கிற விவசாயிக்கு, கூடங்குளத்தில் மீனவர் ஏன் கழிவைப் பற்றி இவ்வளவு கேட்கிறார் என்பது சொல்லாமலே புரியும்.

300 கிலோமீட்டர் தள்ளி

2012ஐ மறந்திருக்க மாட்டீர்கள். சென்னையைத் தவிர மற்ற மாவட்டங்களில் ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு மணி நேரம் மின்வெட்டு. மில்களில் டீசல் செலவு கட்டுபடியாகவில்லை. பட்டறைகளில் கூலி பாதியானது. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் மெழுகுவத்தி வாங்கினார்கள். 'சீக்கிரம் உலையைத் திறங்கப்பா' என்று அன்று நம் ஊரில் பலர் சொன்னார்கள். அதில் நியாயம் இருந்தது. இருட்டில் உட்கார்ந்திருப்பவரிடம் போய் மின்சாரம் வேண்டாம் என்று சொல்ல முடியுமா? நிலக்கரிப் புகை குறைய வேண்டும் என்றாலும், காற்று வீசாத மாதங்களில் மில் ஓட வேண்டும் என்றாலும் இது ஒரு வழி என்பதையும் மறுக்க முடியாது.

ஆனால், நாம் இருப்பது சாலை வழியாகப் போனால் சுமார் 300 கிலோமீட்டர் தள்ளி. வெளிச்சம் நம் வீட்டுக்கு வருகிறது, பூட்டு அவர்கள் வாசலில் தொங்குகிறது. அதனால் இழுத்துப் பார்க்கச் சொல்கிற கடமை நமக்கு அவர்களைவிடக் கொஞ்சம் கூடவே இருக்கிறது. அவர்கள் கேட்டால் 'பயத்தில் கேட்கிறார்கள்' என்பார்கள். பயனாளியான நாம் கேட்டால் அப்படித் தட்டிக்கழிக்க முடியாது.

என்ன கேட்கலாம்? அவசரகாலப் பயிற்சியைச் சுற்றுக் கிராம மக்களோடு கடைசியாக எப்போது நடத்தினீர்கள்? கழிவுக் கிடங்கு வேலை எந்த நிலையில் இருக்கிறது? உலை நின்றால், ஏன் நின்றது என்று மக்களுக்குப் புரிகிற தமிழில் எத்தனை நாளில் சொல்வீர்கள்? நம் எம்.பி.யிடம் கேட்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி அணுமின் கழகத்திடமே கேட்கலாம். ஒரு நல்ல பூட்டுக்கு இழுத்துப் பார்ப்பதால் எந்தக் குறையும் வராது. குறை வருமோ என்று பயப்படுகிற பூட்டைத்தான் கட்டாயம் இழுத்துப் பார்க்க வேண்டும்.

வீட்டில் பிள்ளை 'அணு உலைன்னா என்னப்பா?' என்று கேட்டால், இனி குக்கரையும் பிரியாணிச் சட்டியையும் காட்டிச் சொல்லுங்கள். அடுத்து அது 'பாதுகாப்பானதா?' என்று கேட்கும். 'ஐந்து பூட்டு இருக்கு. தினமும் இழுத்துப் பார்த்தால் பாதுகாப்பு' என்று சொல்லுங்கள். அதற்கு மேல் கேள்வி கேட்டால் அதட்டாதீர்கள். நாளைக்கு அந்த வேலையைச் செய்யப்போவது அந்தப் பிள்ளையாகவே இருக்கலாம்.

அடுத்த வாரம் சந்திப்போம்.